பண்டோராவிடம் பெட்டி இருந்ததில்லை

எங்காவது ஒரு விசாரணை ஆணையம் அமைந்தால் போதும், மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளில் 'பண்டோராவின் பெட்டி திறந்துவிட்டது' என்று ஒரு வரி வந்துவிடும். அந்தக் கதையை முதலில் எழுதிவைத்தவர் கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட், காலம் கி.மு. 700-ஐ ஒட்டி. அவருடைய 'வேலைகளும் நாட்களும்' என்ற செய்யுளில் பெட்டியே கிடையாது. இருப்பது 'பித்தோஸ்'. தானியம், எண்ணெய், ஒயின் என்று வீட்டின் ஆண்டுச் சேமிப்பைக் கொட்டிவைக்கிற சுட்ட மண் பாத்திரம் அது. ஆளுயரம்கூட இருக்கும், பாதி உடம்பைத் தரையில் புதைத்து நிறுத்துவார்கள். நம் சொல்லில் தாழி என்றோ குதிர் என்றோ சொல்லலாம். கையில் ஏந்திக்கொண்டு நடக்கிற சாமான் இல்லை.

அந்தத் தாழியின் மூடியைப் பண்டோரா என்ற பெண் தூக்குகிறாள். உள்ளேயிருந்த நோயும் துன்பமும் வெளியே சிதறுகின்றன. நம்பிக்கை மட்டும் விளிம்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. ஆவலை அடக்க முடியாமல் திறந்தாள் என்பதற்கோ, திறக்காதே என்று யாரும் அவளை எச்சரித்தார்கள் என்பதற்கோ ஹெஸியோடில் ஒரு சொல்கூட இல்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். பண்டைய பழமொழிகளைத் திரட்டி அவர் லத்தீனில் வெளியிட்ட பெருந்தொகுப்பின் 1508-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது 'பித்தோஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'பிக்ஸிஸ்' என்று எழுதிவிட்டார். பிக்ஸிஸ் என்றால் பெண்கள் அழகுப் பொருள் வைக்கும் மூடிபோட்ட டப்பா, கிட்டத்தட்ட நம் சிமிழ். ரோமானியக் கதை ஒன்றில் சைக்கி என்ற பெண் பாதாளத்திலிருந்து கொண்டுவந்து, திறக்கக் கூடாதென்று சொல்லியும் திறந்துவிடுகிற டப்பாவோடு இதை அவர் குழப்பிக்கொண்டார் என்று கருதுகிறார்கள். எராஸ்மஸின் தொகுப்பு ஐரோப்பா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் புழங்கிய நூல். தாழி போனது, சிமிழ் நின்றது. 1871-இல் ஆங்கில ஓவியர் ரோஸட்டி வரைந்த பண்டோரா கையடக்கமான ஒரு பேழையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு பாத்திரம் மாறியதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். தாழி என்பது வீட்டுக் களஞ்சியம். அதன் அடியில் மிஞ்சியிருப்பது அந்த வீட்டுக்கு இன்னும் கைவசம் இருப்பது. அப்படியானால் உள்ளே தங்கிவிட்ட நம்பிக்கை மனிதனுக்குச் சேமிப்பா, அல்லது மற்ற துன்பங்களோடு சேர்த்து அடைத்த இன்னொரு துன்பமா? ஹெஸியோடை வாசிப்பவர்கள் இன்றுவரை மோதிக்கொள்ளும் கேள்வி இது. பெட்டியாக்கினால் கேள்வியே எழாது. அசட்டு ஆவல்கொண்ட பெண் ஒருத்தியின் கதை மட்டும் மிஞ்சும்.

கிரேக்கப் புராணங்களின் தாக்கம் என்று பேசும்போது, அவை கிரேக்கத்திலிருந்து கிளம்பி ஐரோப்பியக் கலையில் நேராக வந்து இறங்கியதைப்போலவே பேசிவிடுகிறோம். வந்த பாதை வேறு. மொழிபெயர்ப்பவன், பாடநூல் எழுதுபவன், மரக்கட்டையில் படம் செதுக்குபவன், உடைந்த சிலைக்குக் கை ஒட்டவைப்பவன் என்று பல பேர் கைப்பட்டுத்தான் வந்தன. பின்னால் வந்த கலைஞர்கள் அதிகம் கடன்பட்டிருப்பது மூலத்துக்கல்ல, இந்த இடைக்கைகளுக்கு.

உடம்பில் அடிபடக்கூடிய ஒரே இடம் என்று சொல்லப்படும் அகில்லஸின் குதிகாலும் இதே ரகம். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாலும் அந்தக் குதிகால் வராது. அகில்லஸின் சாவே வராது. காவியம் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி அவன் கையை உரசி ரத்தம் வருகிறது. வெட்டினால் ரத்தம் வருகிற மனிதன்தான் ஹோமரின் அகில்லஸ். உடம்பில் காயமே படாதிருக்கத் தாய் தீட்டிஸ் அவனைக் குதிகாலில் பிடித்துப் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை, நமக்குக் கிடைத்திருப்பவற்றில் முதலில் தென்படுவது கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்டாட்டியஸ் லத்தீனில் எழுதி முடிக்காமல் விட்ட கவிதையில். ஹோமருக்குப் பின் சுமார் 800 ஆண்டுகள். நமக்கு இது புதிய அனுபவமில்லை. அகலிகை கல்லாகிக் கிடந்தாள் என்பது மனதில் ஊறிப்போயிருக்கிறது. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை, காற்றை உண்டு, சாம்பலில், யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கிறாள். தமிழில் அவளைக் கல்லாக நம் மனதில் பதித்தவன் கம்பன்.

சில மாற்றங்களுக்குக் கவிஞன்கூடத் தேவைப்படவில்லை, ஓர் எழுத்து போதுமாயிருந்தது. ஜீயஸின் தகப்பன் க்ரோனஸ், தன் தகப்பனான வானத்தை அரிவாளால் வெட்டியவன். காலம் என்பதற்கான கிரேக்கச் சொல் க்ரோனோஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரேக்கத்தில் முதலெழுத்தே வேறு. பண்டைக் காலத்திலேயே இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். அதன் பலனாகக் காலத்தின் கைக்கு அந்த அரிவாள் வந்து சேர்ந்தது. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் இறக்கையும் மணற்கடிகாரமுமாக நிற்கும் 'காலத் தாத்தா' கையில் நீண்ட அரிவாள் இருப்பதற்கு வம்சாவளி இதுதான்.

இத்தனைக்கும் அடிப்படைக் காரணம், மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போயிருந்தார்கள் என்பது. 1354-இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்குக் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த தூதர் வழியாக ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்று கிடைத்தது. அதைத் தழுவிக்கொண்டார், பெருமூச்சு விட்டார், படிக்க முடியவில்லை. ஹோமர் என்னிடம் ஊமையாக இருக்கிறார், அல்லது நான் அவரிடம் செவிடாக இருக்கிறேன் என்ற பொருளில் நன்றிக் கடிதம் எழுதினார். ஹோமர் கிரேக்க மொழியில் அச்சேறியது 1488-இல், ஃபுளோரன்ஸில்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே இத்தாலியக் கவிஞர் டான்டே தன் 'நரகம்' காவியத்தின் 26-ஆம் பாடலில் ஹோமரின் நாயகன் ஒடிசியஸைக் கொண்டுவந்துவிட்டார், லத்தீன் பெயரான யுலிசிஸாக. டான்டே ஹோமரைப் படித்ததில்லை. லத்தீன் நூல்களில் சிதறிக்கிடந்த துணுக்குகள்தான் கையில் இருந்தன. எனவே அவருடைய யுலிசிஸ் வீட்டுக்குத் திரும்புவதே இல்லை. கிழட்டுத் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஜிப்ரால்டரைத் தாண்டி மேற்கே போய்க் கடலில் மூழ்குகிறான். ஹோமரின் நாயகனுக்கு ஒரே ஆசை சொந்த ஊரான இதாக்கா போய்ச் சேர்வது. டான்டேயின் நாயகனுக்கு ஒரே ஆசை போய்க்கொண்டே இருப்பது. 1833-இல் டென்னிசன் எழுதிய 'யுலிசிஸ்' கவிதையில் ஓயாமல் பயணம் கேட்கிற கிழவன் இந்த இரண்டாமவன். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் அதைப் படித்த நம்மில் பலர் ஹோமரின் மனிதனைச் சந்தித்ததாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

எல்லா இடைக்கைகளிலும் பெரிய கை ஓவிடுடையது. கி.மு. 43-இல் இத்தாலியின் சுல்மோவில் பிறந்து, கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸால் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே இறந்த ரோமானியர். அவருடைய 'மெட்டமார்ஃபசிஸ்', அதாவது உருமாற்றங்கள், 15 காண்டம், ஏறக்குறைய 12,000 வரி, சுமார் 250 கதை. உலகம் தோன்றியதில் தொடங்கி ஜூலியஸ் சீசர் நட்சத்திரமாவது வரை, ஒரு கதையின் வாலைப் பிடித்து அடுத்த கதை ஏறும். கடவுள்களுக்கு ரோமானியப் பெயர்: ஜீயஸ் இங்கே ஜூபிடர், ஏதெனா மினெர்வா, ஆர்ட்டெமிஸ் டயானா. ஐரோப்பிய ஓவியங்களின் தலைப்புகளில் லத்தீன் பெயர்களே நிரம்பியிருப்பதற்குக் காரணம் இந்த நூலின் செல்வாக்குதான்.

ஓவியர்களும் சிற்பிகளும் ஏன் ஓவிடைவிட்டு நகரவில்லை என்பதற்கு அழகியல் விளக்கங்கள் பல உண்டு. எளிய விளக்கம் ஒன்று: அவர் வேலை செய்யத் தோதான எழுத்தாளர். கதை சிறியது, நூறு இருநூறு வரிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் உடம்பு ஒன்று இன்னொன்றாக மாறும் கணம் ஒன்று உண்டு; அதை அவர் உறுப்பு உறுப்பாகச் சொல்வார். அப்பல்லோ துரத்த, ஓடிக் களைத்த டாஃப்னி தன் தகப்பனான நதியிடம் வேண்டி மரமாகிற இடம் முதல் காண்டத்தில் ஐந்தே வரி. கைகால் கனத்து மரத்துப்போகிறது. மார்பை மெல்லிய பட்டை சுற்றுகிறது. கூந்தல் இலையாகவும் கைகள் கிளையாகவும் நீள்கின்றன. இத்தனை நேரம் பறந்த பாதம் சோம்பேறி வேரில் சிக்கிக்கொள்கிறது. முகம் இருந்த இடத்தில் மர உச்சி. பட்டைக்கு ஓவிட் போட்ட 'லிபர்' என்ற லத்தீன் சொல்லுக்குப் புத்தகம் என்றும் பொருள் உண்டு. பனையோலையையும் நூலையும் 'ஏடு' என்ற ஒரே சொல்லால் குறித்துப் பழகிய நமக்கு இந்தச் சிலேடை சட்டென்று பிடிபடும்.

இந்த ஐந்து வரியைத்தான் இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622-இல் பளிங்கில் செதுக்க ஆரம்பித்தார். வயது 23. 1625-இல் முடிந்தது, ரோமில் போர்கேஸே மாளிகையில், செய்துவைத்த வீட்டிலேயே, இன்றும் நிற்கிறது. 2.43 மீட்டர் உயரம். பளிங்கு மேலிருந்து அமுக்கும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் நீட்டினால் சொந்த எடையிலேயே முறியும். வெண்கலத்தில் வார்த்த கிரேக்கச் சிலைகளை ரோமானியர்கள் பளிங்கில் நகலெடுத்தபோது, கணுக்கால் முறியாமலிருக்கக் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையைச் செதுக்கிவைப்பார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத முட்டு, அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற இரண்டு பேரைச் செதுக்கும் பெர்னினிக்கும் முட்டு வேண்டியிருந்தது. ஆனால் இந்தக் கதையில் பெண்ணே மரமாகிறாள். தரையிலிருந்து எழுந்து டாஃப்னியின் உடலைப் பற்றிக்கொண்டு ஏறும் பட்டைதான் சிலைக்கு முட்டு. அப்பல்லோவின் இடக்கை அவள் இடுப்பை எட்டிவிட்டது. விரல் படும் இடத்தில் தோல் இல்லை, பட்டை வந்துவிட்டது. விரல் நுனிகளில் தாள்போல மெல்லிய இலைகளைத் துளைபோட்டுக் குடைந்தெடுத்த வேலையில் பெரும்பங்கு பெர்னினியின் பட்டறையிலிருந்த ஜூலியானோ ஃபினெல்லியுடையது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

ஆடையில்லாத பெண்ணைக் கடவுள் துரத்தும் சிலை கார்டினல் ஒருவர் வீட்டில் நிற்பது உறுத்தாமலிருக்க, பின்னாளில் எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பான மஃபேயோ பார்பெரினி அடிப்பீடத்துக்கு லத்தீன் ஈரடி ஒன்று எழுதிக் கொடுத்தார்: ஓடி மறையும் அழகைத் துரத்துகிற காதலன் கையை இலையால் நிரப்பிக்கொள்வான், அல்லது கசப்புக் காய்களைப் பறிப்பான். பழைய கதைக்கு நீதி ஒட்டும் இந்த வழக்கத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் யாரோ ஒருவர் ஓவிடைக் கிறித்தவ விளக்கங்களோடு சுமார் 72,000 வரியாக ஊதிப் பெருக்கினார்; மூலத்தைப்போல ஆறு மடங்கு. அதில் தன் வேட்டைநாய்களாலேயே கடித்துக் குதறப்படும் ஆக்டியோன், நாய் வளர்த்தே சொத்தை அழித்த ஊதாரி. அடுத்த மூச்சிலேயே கிறிஸ்து. இன்று சிரிப்பு வரும். ஆனால் இந்த ஒட்டுநீதிகள் இல்லாமல் ஓவிடை மடங்களும் பள்ளிகளும் வைத்துக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகமே.

பட்டறைகளில் யாரும் 12,000 வரி லத்தீனை உட்கார்ந்து படிக்கவில்லை. 1557-இல் லியோன் நகரில் பெர்னார் சலமோன் செதுக்கிய 178 மரக்கட்டைப் படங்களோடு சுருக்க ஓவிட் ஒன்று அச்சானது. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு படம், கீழே எட்டு வரிப் பாட்டு. பீங்கான் தட்டில் எழுதுகிறவர், எனாமல் வேலைக்காரர், திரைச்சீலை நெய்கிறவர் எல்லோரும் படத்தைப் பார்த்துத் தங்கள் பொருளுக்கேற்ப எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வெவ்வேறு நாட்டுப் பொருட்களில் ஒரே ஆக்டியோன் ஒரே பக்கம் திரும்பி நின்றால், பொதுவான அச்சுப்படம் ஒன்று பின்னால் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். சில சமயம் இடவலம் மாறியிருக்கும். அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே இன்னொரு கட்டையில் செதுக்கி அச்சிட்டால் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் விழும்.

இலக்கியத்தில் இந்த இடைக்கை வேலையை மிக நெருக்கத்தில் பார்க்க ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' போதும். ஓவிடின் ஏழாம் காண்டத்தில் சூனியக்காரி மெடியா காற்றையும் மலையையும் ஏரியையும் சோலைத் தெய்வங்களையும் அழைத்து மந்திரம் சொல்கிறாள். 1567-இல் ஆர்தர் கோல்டிங் ஓவிடை முழுமையாக ஆங்கிலப்படுத்தியபோது சோலைத் தெய்வங்களுக்குப் பதிலாக 'எல்ஃப்' என்ற ஆங்கிலக் குட்டிப்பிசாசுகளைப் போட்டார். சுமார் 1611-இல், 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் மந்திரவாதி நாயகன் ப்ராஸ்பரோ தன் மந்திரத்தைத் துறக்கும் பேச்சும் அதே குட்டிப்பிசாசுகளை அழைத்துத்தான் தொடங்குகிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் கோல்டிங்கோடு நிற்கவில்லை. கோல்டிங் வெறும் மரம் என்று விட்ட இடத்தில் அவரிடம் ஓக் மரம் வருகிறது, லத்தீனில் இருப்பதுபோல. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார், அல்லது பள்ளியில் உருப்போட்ட லத்தீன் மனதில் இருக்கிறது. கடன் வாங்கியதில் ஒரு தையலும் பிரிந்து தெரிகிறது: கல்லறைகள் என் கட்டளைக்குத் திறந்து செத்தவர்களை வெளியே விட்டன என்கிறார் ப்ராஸ்பரோ. நாடகத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. அது மெடியா செய்த காரியம். சூனியக்காரியின் வசனம் நல்லவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டு, அவர் அவ்வளவு நல்லவரா என்ற ஐயத்தைக் கிளப்பிவிடுகிறது.

ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' இன்னும் ஒரு படி போகிறது. ஓவிடின் ஆறாம் காண்டத்தில், பலாத்காரம் செய்தவன் நாக்கை அறுத்துவிட்டதால் ஃபிலொமெலா நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். நாடகத்தில் லவினியாவுக்கு நாக்கோடு கைகளும் வெட்டப்படுகின்றன. அந்தக் கயவர்கள் ஓவிட் படித்தவர்கள். நெய்ய முடியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவள் அதே புத்தகத்தைக் கிளறி, பக்கங்களைப் புரட்டி, ஃபிலொமெலா கதையில் நிறுத்திக் காட்டிவிடுகிறாள். ஓவிடின் நூலே மேடைப்பொருளாகிச் சாட்சி சொல்கிறது.

அதே ஆறாம் காண்டத்தின் இன்னொரு கதைதான் ஓவியத்தில் எனக்குத் தெரிந்த மிக அழகான சங்கிலியைக் கோத்தது. 1550-களில் வெனிஸ் ஓவியர் டிஷியன் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்புக்காக ஓவிடை ஒட்டி வரிசையாக ஓவியங்கள் வரையத் தொடங்கினார். 'கவிதைகள்' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார். 1562-இல் போய்ச் சேர்ந்தது காளை வடிவில் வந்த ஜூபிடர் யூரோப்பாவைக் கடலில் தூக்கிக்கொண்டு போகும் படம். 1628-29-இல் மாட்ரிட் வந்த ஓவியர் ரூபன்ஸ் அதை அப்படியே நகலெடுத்தார். அப்போது அரண்மனையில் இருந்த இளம் ஓவியர் வெலாஸ்கெஸ். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அவர் வரைந்த 'நூற்பவர்கள்' படத்தில் முன்னால் பெண்கள் நூல் நூற்கிறார்கள். ராட்டை சுழலும் வேகத்தில் அதன் ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே மினுக்கமாகியிருக்கின்றன. பின்னால் வெளிச்சமான மாடத்தில் தலைக்கவசம் போட்ட ஒருத்தி கையை ஓங்குகிறாள், எதிரே இன்னொருத்தி, சுவரில் ஒரு திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையில் இருப்பது டிஷியனின் யூரோப்பா.

நீண்ட காலம் இதை நெசவுச்சாலைக் காட்சி என்றே நினைத்தார்கள். 1948-இல்தான் 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்றில் இந்தப் படம் 'அராக்னி கதை' என்று குறிக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. நெசவில் மினெர்வாவுக்குச் சவால் விட்ட பெண் அராக்னி. ஓவிடில் அவள் முதலில் நெய்து காட்டுவது காளையிடம் ஏமாந்த யூரோப்பாவை. அந்த வேலையில் பொறாமையாலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார் ஓவிட். அதனாலேயே தேவி துணியைக் கிழித்து, நாடாக்கட்டையால் அவள் நெற்றியில் அடித்து, கடைசியில் சிலந்தியாக்குகிறாள். ஆக, தெய்வத்தாலும் குறை சொல்ல முடியாத துணியில் என்ன இருந்தது என்று காட்டவேண்டிய இடத்தில் வெலாஸ்கெஸ் டிஷியனை மாட்டிவைத்தார். ஓவியர் ஓவியருக்குச் செய்த இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய பட்டியல் சிக்கியிராவிட்டால் இன்னும் ராட்டை, நூல், தொழிலாளி என்றே பேசிக்கொண்டிருந்திருப்போம்.

ஓவிடை மறுத்துப் பேசிய படமும் உண்டு. எட்டாம் காண்டத்தில் டேடலஸும் மகன் இகாரஸும் மெழுகு இறக்கையில் பறக்கும்போது, தூண்டில் போடுகிறவனும் கோலில் சாய்ந்த மேய்ப்பனும் ஏரில் சாய்ந்த உழவனும் அண்ணாந்து பார்த்து, இவர்கள் தெய்வங்கள் என்று மலைத்துப்போகிறார்கள். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் புரூகல் பெயரில் இருக்கும் இகாரஸ் படத்தில் இந்த மூவரும் அட்சரம் பிசகாமல் இருக்கிறார்கள். ஆனால் உழவன் குனிந்து சாலைப் பார்க்கிறான். மேய்ப்பன் வேறு பக்கம் வானத்தைப் பார்க்கிறான். மீன்பிடிப்பவன் தூண்டிலைப் பார்க்கிறான். அவனுக்கு எதிரே, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, தண்ணீருக்கு மேல், விழுந்துவிட்ட இகாரஸின் இரண்டு கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருக்கின்றன. மீன்பிடிப்பவன் பக்கத்தில் கிளையில் ஒரு கௌதாரி உட்கார்ந்திருக்கிறது. ஓவிட் படிக்காதவர்கள் கண்ணில் படாது. டேடலஸ் தன்னைவிடக் கெட்டிக்காரனாக வளர்ந்த சகோதரி மகனைப் பொறாமையில் கோட்டையிலிருந்து தள்ளிவிட்டவன். விழும்போதே கௌதாரியான அந்தப் பையன், பின்னாளில் இகாரஸைப் புதைக்கும்போது சிறகடித்துக் களித்தான். படத்தில் நடப்பதைக் கவனிக்க நியாயமுள்ள ஒரே உயிர் அந்தப் பறவை.

இன்றைய ஆய்வுகளின்படி இந்தப் படம் புரூகலின் கைவேலையே இல்லாமல் இருக்கலாம், தொலைந்துபோன மூலத்தின் நகலாக இருக்கலாம். 1938 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் இருந்த ஆங்கிலக் கவிஞர் ஆடன், துன்பம் நேரும்போது ஊர் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கும் என்று கவிதை எழுதியது இதைப் பார்த்துத்தான். கிரேக்கக் கதை, லத்தீன் கவிதை, ஃபிளாண்டர்ஸ் படம், ஒருவேளை அதன் நகல், பிறகு ஆங்கிலக் கவிதை. இன்று இகாரஸ் என்றதும் வாசகர் மனதில் வரும் அலட்சியமான உலகம் கிரேக்கத்திலும் இல்லை, ரோமிலும் இல்லை.

இசைநாடகம் பிறந்ததும் ஓவிட் மடியில்தான். முதல் ஓபரா என்று சொல்லப்படும் 'டாஃப்னி' 1598-இல் ஃபுளோரன்ஸில் நடந்தபோது முன்னுரை பாட மேடைக்கு வந்த பாத்திரம் ஓவிடே. இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அடுத்தடுத்து, செத்த மனைவி யூரிடிசியைப் பாட்டால் பாதாளத்திலிருந்து மீட்கப்போன ஆர்ஃபியஸின் கதையையே எடுத்ததற்குக் காரணம் உண்டு. மனிதர்கள் ஏன் பேசாமல் பாடுகிறார்கள் என்ற கேள்விக்கு, நாயகனே பாடகன் என்பதைவிட நல்ல பதில் கிடையாது. 1600-இல் அரச கல்யாணத்துக்கு நடத்தியதால் 'யூரிடிசி' ஓபராவில் மனைவி பிழைத்து ஊர் திரும்பிவிடுகிறாள். மாண்டெவெர்டியின் 1607 'ஆர்ஃபியோ'வுக்கு அச்சிட்ட பாடல் புத்தகத்தில் வெறிகொண்ட பெண்கள் அவனைத் தேடி வருகிறார்கள்; 1609-இல் அச்சான இசைச்சுவடியிலோ அப்பல்லோ இறங்கிவந்து மகனை வானத்துக்கு அழைத்துப்போகிறார்.

எழுத்தை விட்டுக் கல்லுக்கு வந்தால், இடைக்கையின் தவறு நானூறு ஆண்டுக் கலையையே வளைக்க முடிந்திருக்கிறது. 1506 ஜனவரி 14 அன்று ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் லவோக்கூன் சிலை வெளிப்பட்டது: டிராய் நகரப் பூசாரியும் இரண்டு மகன்களும் பாம்புகளிடம் சிக்கித் திணறும் காட்சி. செய்தி கேட்டு ஓடியவர்களில் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். தகப்பனின் வலது கை இல்லை. 1530-களில் சிற்பி மோன்டோர்சோலி வானை நோக்கி விறைத்து நீட்டிய கையைச் செய்து மாட்டினார். நகல்கள், அச்சுப்படங்கள், ஓவியப் பள்ளிகளின் பயிற்சிகள் எல்லாம் அந்த நீட்டிய கையைத்தான் பரப்பின. 1906-இல் லுட்விக் போலாக் என்ற தொல்பொருள் அறிஞர் ரோமில் கல்தச்சர் ஒருவர் முற்றத்தில் ஒரு பழைய பளிங்குக் கையைக் கண்டெடுத்தார். மடங்கிய கை. 1950-களின் கடைசியில் அதை உடலோடு பொருத்தினார்கள். நீட்டிய கையோடு லவோக்கூன் பாம்போடு மல்லுக்கு நிற்கும் வீரன். மடங்கிய கையோடு, தலைக்குப் பின்னால் வலியில் சுருண்டு, தோற்றுக்கொண்டிருக்கும் கிழவன்.

பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலை அதைவிடச் சுற்று வழியில் வந்தது. கி.மு. 580-ஐ ஒட்டிய கோர்ஃபு கோயில் முகப்பில் அவள் வட்ட முகமும் துருத்திய கண்ணுமாக முறைக்கிற பூதம். இன்னும் பழைய முகங்கள் சிலவற்றில் தாடிகூட உண்டு. ஹெஸியோடில் அவளும் கடல்தேவனும் வசந்தப் பூக்கள் நடுவே புல்வெளியில் கூடினார்கள், அவ்வளவுதான். நான்காம் காண்டத்தின் கடைசியில் ஓவிட் அதைக் குற்றமாக்கினார்: அழகான கூந்தலுள்ள பெண், மினெர்வாவின் கோயிலிலேயே கடல்தேவன் நெப்ட்யூன் அவளைக் கெடுக்கிறான், தேவி தண்டிப்பது அவளைத்தான். கூந்தல் பாம்பாகிறது. இந்தச் சேதி ஓவிடில் பத்தே வரி.

சிற்பி செல்லினி ஃபுளோரன்ஸில் 1545 முதல் 1554 வரை செய்த வெண்கல பெர்சியஸ், வெட்டிய மெடூசா தலையை உயர்த்திப் பிடித்திருக்கிறான். வார்ப்பு நாளைப் பற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார். உலை சூட்டில் பட்டறைக் கூரை பற்றிக்கொண்டது. தோட்டப் பக்கத்திலிருந்து காற்றும் மழையும் அடித்து உலை குளிர்ந்தது. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் உலோகம் கூழாக உறைந்துகொண்டிருக்கிறது. அண்டை வீட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் காய்ந்த ஓக் விறகைக் கொண்டுவந்து போட்டார். உருகியும் ஓட்டம் மந்தமாக இருந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். கடும் நெருப்பில் வெள்ளீயம் எரிந்து போய்விட்டால் கலவை கெட்டியாகிவிடும். வீட்டிலிருந்த சுமார் இருநூறு ஈயத் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். உருகுநிலை இறங்கி உலோகம் ஓட ஆரம்பித்து அச்சு நிறைந்தது. தலையிலிருந்து இறங்கி வரும் உலோகம் அவ்வளவு தூரத்துக்குச் சூடாக வராது, வலது பாதம் விழாது என்று கோமகனிடம் முன்பே சொல்லியிருந்தார். உடைத்துப் பார்த்தபோது விரல்களும் அதையொட்டிக் கொஞ்சமும்தான் குறைந்திருந்தன.

அந்த உயர்த்திய கையைத் தலைகீழாக்கித்தான் லூசியானோ கார்பாட்டி 2008-இல் ஒரு சிலை செய்தார்: வாளோடு நிற்பவள் மெடூசா, கையில் தொங்குவது பெர்சியஸின் தலை. 2020 அக்டோபரில் அதன் வெண்கல வடிவத்தை நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள பூங்காவில் வைத்தார்கள். பாலியல் குற்றங்களுக்கு எதிரான குரலாக அதைக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். தலை யாருடையது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வெட்டியவன் பெர்சியஸ், கெடுத்தவன் நெப்ட்யூன். அவன் தலை இந்தக் கையிலும் இல்லை.